கதீஜம்மாளின் இருபத்து மூன்று படங்கள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வடிந்து ஐந்து நாளாகிறது. கேமராப் பையை உதறினால் இன்னும் மண் விழுகிறது. காலையில் பாஸ்போர்ட் படத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒரு காதுகுத்துக்குத் தேதி குறித்துக்கொண்டேன்.

மதியம் ஆபிதா பானு போன் செய்தாள். “அக்கா, உம்மா படத்தையெல்லாம் எப்பம் பாக்கலாம்? நாப்பதாம் நாளுக்குள்ள ஒரு தடவ பாக்கணும் போல இருக்கு.” ஜூன் 22 அவள் கல்யாணம். பெண்கள் பக்கம் முழுக்க நான் ஒருத்திதான் எடுத்தேன், ஆண்கள் பந்தியிலும் கொஞ்சம். ஜூலை 30 அவள் அம்மா கதீஜம்மாள் போய்விட்டார். ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் அவர்களும் படம் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை வா என்றேன்.

அதை எடுத்து வைப்போம் என்றுதான் ஹார்ட் டிஸ்கை மேஜையோரத்து ஸ்டூலில் வைத்து மாட்டினேன். டீ வந்தது. எழுந்தேன். காலில் வயர் சிக்கியது. முழங்கால் உயரம்தான் இருக்கும், அந்த ஸ்டூல். விழுந்த சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

திரும்ப மாட்டினால் டிக், டிக், டிக் என்கிறது. கம்ப்யூட்டரில் பெயரே வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இருக்கிறதையும் இல்லாததையும் எழுதிப் பார்க்கிறேன்.

வேறு காப்பி இல்லை. இன்னொரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மார்ச்சில் வாங்கியது. அலமாரியில், அட்டைப்பெட்டியோடு, மேலே சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல். இந்தக் கல்யாணம் முடியட்டும், அந்தச் சடங்கு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மெமரி கார்டு இரண்டையும் அழித்து அதற்குப் பிறகு மூன்று விசேஷம் எடுத்துவிட்டேன், தபசும் எடுத்துவிட்டேன்.

கல்யாண வீட்டு மாடி அறையில் கதீஜம்மாளை எடுத்தது இருபத்து மூன்று படம். எண்ணிக்கை எப்படித் தெரியுமென்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று அவற்றை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு வைத்தேன். அதே டிஸ்கில்! என்ன புத்தி இது.

இன்று மட்டும் நான்கு தடவை மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே டிக், டிக். பிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யூடியூபில் ஒருவன் சொல்கிறான். மாவுச் சட்டியை நகர்த்தி இடம்கூடப் பண்ணிவிட்டேன். இவர், என் வீட்டுக்காரர், பார்த்துவிட்டுக் கையிலிருந்து பிடுங்கினார். “ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? தறியில சத்தம் மாறிக் கேட்டா முதல்ல என்ன செய்வோம்? நிப்பாட்டுவோம். ஓட்டி ஓட்டிப் பாத்தா இருக்கதும் அந்து போவும்.” இருபது வருஷமாக விசைத்தறியில் நிற்கிற மனுஷன். ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அழித்த கார்டிலிருந்து படத்தை மீட்கிற சாஃப்ட்வேரைக் காலையிலிருந்து ஓடவிட்டேன். தபசுக் கூட்டம் வருகிறது. பாதித் தேர் வருகிறது. கரிவலம்வந்தநல்லூர் மாப்பிள்ளையின் ஒரு கை வருகிறது. ஆபிதா கல்யாணத்திலிருந்து இரண்டே இரண்டு: ஆண்கள் பந்தியில் அடுக்கிய தட்டுகள், வாசலில் செருப்புகள்.

வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடை திறக்கவில்லை. சுதந்திர தினம், லீவு என்று ஆபிதாவிடம் சொன்னேன். எனக்கு என்றைக்கு லீவு இருந்தது?

ஆகஸ்ட் 16, சனி

ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சுமதி ஒரு நம்பர் கொடுத்தாள். மதுரையில் இசக்கித்துரை என்பவர், இதே வேலைதானாம். பேசினேன். நிதானமான குரல்.

“விழுந்ததா மேடம், இல்ல அதுவா நின்னுச்சா?”

“விழுந்துட்டு.”

“அதுக்கப்புறம் எத்தன தடவ மாட்டுனீங்க?”

“ஒரு தடவ.” ஏன் அப்படிச் சொன்னேன்? ஐந்து தடவை. டாக்டரிடம் பொய் சொல்வது மாதிரி.

உள்ளே படிக்கிற முள் உடைந்திருக்கும், அதே மாடல் டிஸ்க் ஒன்றைப் பிரித்து அதன் முள்ளை மாற்ற வேண்டும், கிடைக்கிறதை வேறொன்றில் இறக்க வேண்டும் என்றார். முழுதாக வரும் என்று உத்தரவாதம் இல்லை. “கடைசில ஒவ்வொரு படமாத் தெறந்து, சரியா இருக்கான்னு பாத்துத்தான் மேடம் குடுப்பேன்.”

தெறந்து பாத்து.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இதை யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அன்று மாடி அறையில் கடும் புழுக்கம். மருதாணி வைக்கிற பெண்களும் மகள்கள் இருவரும் கதீஜம்மாளும் நானும் மட்டும். கதவைத் தாழிட்டிருந்தார்கள். அவர் தலையில் போட்டிருந்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வைத்தியத்தில் முடியெல்லாம் கொட்டிப்போய், புதிதாக ஒரு விரல்கடை அளவுக்கு முளைத்திருந்தது. சின்ன மகள் அதைத் தடவி, “உம்மா, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கே” என்றாள். அவர் சிரித்த சிரிப்பு! நான் கேமராவைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். “எடு தாயி. எம்புள்ளைக்கு நாளைக்கு என்னத் தேடும். ஆனா ஆம்பள கண்ணு படக் கூடாது. உன்ன நம்பி இருக்கேன்.”

சத்தியம் என்றேன். என் தலைமேல் கை வைத்தே சொன்னேன்.

அந்தப் படங்களை மதுரையில் முன்பின் தெரியாத ஒருவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? எடுத்து வைத்துக்கொண்டால் எனக்கு எப்படித் தெரியும்? கொடுக்காவிட்டால் மகளுக்கு அம்மா முகமே இல்லை. கதீஜம்மாளுக்கு இருக்கிறது ஆதார் படம் ஒன்று, அதுவும் நிழலடித்தது.

சத்தியம் வாங்கினவர் இருந்தாலாவது கேட்கலாம். யாரிடம் கேட்பது?

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லிவிட்டேன். ஆபிதா கடைக்கு வந்து, கழற்றிய செருப்பை வரிசையாக வைத்துவிட்டு, சிரித்த முகமாக உட்கார்ந்தாள். ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போச்சும்மா என்றேன். எப்படி என்றாள். அதுவாப் போயிருச்சு என்றேன்.

அம்மாவிடம் செய்த சத்தியத்தையும் மதுரை ஆளையும் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உம்மா துணிய எடுத்துட்டுச் சிரிச்சுச்சே, அதுவுமாக்கா?” என்று மட்டும் கேட்டாள். அதுவும்தான் என்றேன். எழுந்து, பெரியம்மாவிடம் கேட்கணும் என்று போய்விட்டாள்.

செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள். கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெரியம்மா வந்தார். மைமூனம்மாள், கதீஜம்மாளுக்கு மூத்தவர். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

“என் தங்கச்சி தலைய எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல வச்சுப் பாப்பானோ?”

“இல்ல பெரியம்மா, நான் கூடவே இருந்து…”

“நீ கூட இருந்தா அவன் கண்ணு அவிஞ்சிருமா? போனதே போச்சு. அது போனதும் நல்லதுக்குத்தான். இனிமே அவள எவனும் பாக்க வேண்டாம்.” வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். “வெளிய ஒரு படம் வந்துச்சுன்னு வையி, நீ இந்த ஊருல கேமராவத் தூக்க முடியாது.”

மிரட்டலுக்கு நான் பயப்படவில்லை. அவர் சொன்னது நியாயமாக இருந்ததே, அதற்குத்தான் பயந்தேன். ரோட்டில் பைக் நின்றாலே அவர்கள் வீட்டு ஆட்களோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆபிதா வந்தாள். “உம்மா எதுக்கு எடுக்கச் சொல்லிச்சு? எனக்குத் தேடும்னுதானே சொல்லிச்சு. எனக்குத் தேடுதுக்கா.” தானும் மதுரைக்கு வருகிறாளாம். எந்தப் படத்தையும் அவர் திறக்கக் கூடாது, நாங்கள்தான் திறப்போம். ஒத்துக்கொண்டால் கொடுப்போம், இல்லையென்றால் டிஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

இசக்கித்துரைக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன். “ஃபைல் பேரையும் அளவையும் மட்டும் பாக்கேன் மேடம். தெறக்கது நீங்க” என்றார்.

பெரியம்மாவுக்குத் தெரியுமா என்று ஆபிதாவிடம் கேட்டேன். “நான் சொல்லிக்கிடுதேன்” என்றாள். எப்போது சொல்வாள்? சொன்னால் என்ன ஆகும்?

ஆகஸ்ட் 28, வியாழன்

காலை ரயில். ஹார்ட் டிஸ்கைத் துண்டோடு டிபன் பாக்ஸுக்குள் வைத்து மடியில் பிடித்துக்கொண்டேன். ரயில் குலுங்கும்போதெல்லாம் பாக்ஸை மடியிலிருந்து தூக்கிக்கொண்டேன்.

ராஜபாளையம் வருவதற்கு முன்னால் வாயிலிருந்து வந்துவிட்டது. “ஆபிதா, அது அதுவாப் போகல. என் கால் தட்டித்தான் விழுந்துச்சு. வேற காப்பியும் எடுத்து வைக்கல. வாங்குன டிஸ்க் அலமாரில இருக்கு, பிரிக்கவே இல்ல.”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். விருதுநகர் தாண்டினபிறகுதான் பேசினாள். “அன்னைக்கே தெரியும்க்கா. அதுவாப் போச்சுன்னு சொல்லும்போது நீங்க என் முகத்தப் பாக்கல.” கொஞ்சம் கழித்து, “கோவம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். இப்பம் வேலையப் பாப்போம்” என்றாள்.

இருபத்து மூன்று வயது அவளுக்கு. எனக்கு முப்பத்தெட்டு.

இசக்கித்துரை கடை ஒரு மாடிப்படிக்கு மேலே. ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். அவரிடமும் ஐந்து தடவை மாட்டியதைச் சொல்லிவிட்டேன். “எல்லாரும் ஒரு தடவன்னுதான் சொல்லுவாங்க” என்றார். ஒரு வாரம் ஆகும். சீட்டில் பெயர் எழுதி ஹார்ட் டிஸ்கின் மேல் ஒட்டினார்.

வெறும் டிபன் பாக்ஸோடு திரும்பி வந்தோம்.

ஆகஸ்ட் 30, சனி

இந்நேரம் பிரித்திருப்பாரா. திறக்க மாட்டேன் என்றார். திறந்தாலும் நமக்குத் தெரியவா போகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

போனில் யாரோ ஒரு பெண்ணின் படத்தை ஃபார்வர்டு செய்திருந்தார்கள். சேலை விளம்பரம். கடைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அதைத் திறந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பெரியம்மாவிடம் ஆபிதா சொல்லிவிட்டாளாம். அவர் இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட்ட தட்டைக்கூட வேலைக்காரம்மாளிடம்தான் கொடுக்கிறாராம். என்னால் ஒரு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது.

செப்டம்பர் 4, வியாழன்

முதலில் இருந்து எழுதுகிறேன். காலை ரயிலில் ஆபிதாவும் நானும் மதுரை போய்ச் சேர்ந்தோம்.

டிஸ்கில் முக்கால்வாசி இறங்கிவிட்டது என்றார் இசக்கித்துரை. விழுந்த இடத்தில் உள்தட்டு உரசிப் போயிருக்கிறது. உரசின இடத்தில் எது இருந்ததோ அது இனி இல்லை. உள்ளறையில் கம்ப்யூட்டர் திரையை வாசலிலிருந்து தெரியாதபடி திருப்பி வைத்திருந்தார். எங்கள் இருவருக்கும் ஸ்டூல் போட்டுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நான்தான் திறந்தேன். அந்தத் தனி ஃபோல்டர். இருபத்து மூன்று பெயர்கள் வரிசையாக இருந்தன. முதல் படம்: திறக்க முடியவில்லை என்றது. இரண்டாவது, அதேதான். மூன்றாவது முழுக்கச் சாம்பல் நிறம். ஆபிதா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற அளவுக்கு. நான்காவது வந்தது. கதீஜம்மாள் மகளின் கையைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். துணி போட்டிருக்கிறார். முழுப்படம், ஒரு கீறல் இல்லை. ஆபிதா “உம்மா” என்றாள். திரையிடம் சொல்வது மாதிரி இல்லை, ஆளிடம் சொல்வது மாதிரி.

ஆறு முழுதாக வந்தன. மூன்று பாதி. எட்டு போயே போய்விட்டது. மிச்சம் ஆறு, அளவு சரியாக இருந்தும் திறக்கவில்லை. சிரிக்கிற படம் அந்த ஆறில்தான்.

கதவைத் திறந்து கேட்டேன். “ஃபைலோட தலைப்பகுதி, ஆரம்பத்துல இருக்க விவரம், அது மட்டும் சிதைஞ்சிருக்கும். சரி பண்ணலாம். ஆனா நான் பண்ணுனா படம் கண்ணுல படும் மேடம். முன்னக்கூட்டியே சொல்லிட்டேன்.”

ஆபிதாவைப் பார்த்தேன். தலையில் துணியை இழுத்துச் சரிசெய்தாள். இசக்கித்துரை பார்த்தால் என்ன, அவரும் பிள்ளை பெற்றவராகத்தான் இருப்பார் என்று எனக்குள் ஓடியது. சொல்லியிருப்பேன், வாய்வரை வந்துவிட்டது. சத்தியம் செய்தவளே ஆசை காட்டலாமா?

“வேண்டாம்ண்ணே” என்றாள் ஆபிதா. “உம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கு.”

இசக்கித்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்களே பண்ணுங்களேன்” என்றார். “அதே கேமராவுல எடுத்த நல்ல படம் ஒண்ணு இருக்குல்லா, அந்த ஃபைலோட தலைப்பகுதிய வெட்டி இதுக்கு ஒட்டணும். அவ்வளவுதான். ஆண்கள் பந்தின்னு ஒரு ஃபோல்டர் பேரு இருக்குல்லா, அதுல ஒரு படத்தக் கெடுத்து உங்களுக்குச் செஞ்சு காட்டுதேன்.”

இரண்டு தடவை செய்து காட்டினார். மூன்றாவது என்னைச் செய்யச் சொன்னார். பந்தித் தட்டுகள் திரையில் வந்து நின்றன. “முதல்ல காப்பி எடுங்க. காப்பிலதான் கை வைக்கணும், அசல்ல வைக்கக் கூடாது” என்றபடியே வெளியே போய்விட்டார்.

எண்களும் எழுத்துமாகத் திரை நிறைய ஓடுகிறது. ஒரு வரி தப்பினால் என்ன ஆகுமோ. நடுவில் இரண்டு இடத்தில் குழம்பி, கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்க, அந்தப் பக்கமிருந்து அவர் சொல்ல. முதல் படம் வரவில்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவது, நான்காவது வந்தன. ஐந்தாவதுதான் சிரிக்கிற படம். ஆபிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

மேலிருந்து இறங்கி வந்தது. ஜன்னல், குட்டை முடி, நெற்றி, மூடின கண், பல் தெரியச் சிரிக்கிற வாய், கழுத்து. அதற்குக் கீழே சாம்பல். மருதாணிக் கை, மடியில் இருந்த துணி, பக்கத்தில் சின்ன மகள், எல்லாம் போய்விட்டது.

கண்ணைத் திற என்றேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள். “முகம் இருக்குல்லாக்கா” என்றாள். “முகம் இருக்கு.”

ஆறாவதும் வரவில்லை. ஆக மொத்தம் பதின்மூன்று. வந்ததை வேறொரு டிஸ்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, அவர் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் எங்கள் கண்முன்னே அழித்தார். உடைந்த டிஸ்கையும் திருப்பிக் கொடுத்தார். வேறு காப்பி வைத்திருக்க மாட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அவர் முகத்தை நம்புகிறேன், அவ்வளவுதான். நம்பிக்கொண்டே பயப்படுகிறேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாற்பதாம் நாள். ஆபிதாவிடம் இரண்டு டிஸ்க் கொடுத்தேன், ஒன்று அவளுக்கு, ஒன்று தங்கைக்கு. இரண்டையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன், அதைத் தேர்ந்தெடுத்தது அவள்தான், நான் திரும்பி நின்றேன். பிறகு அவள் முன்னால் இரண்டிலும் பதின்மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன்.

“உங்ககிட்ட இருக்கத அழிச்சிருங்கக்கா.”

அழித்தேன். இரண்டு இடத்தில் இருக்கிறது, சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்தப் பட்டனை அழுத்துமுன் இரண்டு டிஸ்கையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மார்ச்சில் வாங்கிய அந்தப் பெட்டியை இன்றுதான் பிரித்தேன். இனி கேமராவில் இரண்டு கார்டு, இரண்டிலும் ஒரே படம் ஏறும்படி. அன்றைக்கன்றே இரண்டு டிஸ்கில் காப்பி. ஒன்று கடையில், ஒன்று வீட்டு பீரோவில். படம் வாங்கினவர்கள் கையெழுத்துப் போடாமல் கார்டை அழிக்கக் கூடாது. பெண்கள் பக்கப் படம் என்றால் பூட்டு. ஸ்டூலைத் தூக்கி எறிந்துவிட்டேன். மேஜையோடு சேர்த்து டிஸ்குக்கு ஒரு மரப்பெட்டி அடித்துக் கொடுத்தார் இவர், வயர் காலில் படாதபடி.

காப்பி ஆகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னாலும் நம்புவதில்லை. திறந்து பார்க்கிறேன். மூடிவிட்டுத் திரும்பவும் திறக்கிறேன். “போதும்ட்டி, தேயப் போவுது” என்கிறார்.

அக்டோபர் 9, வியாழன்

பனவடலிசத்திரத்தில் ஒரு சடங்கு. எடுத்துக்கொண்டிருக்கும்போது எங்கோ டிக், டிக் என்று கேட்டது. சுவர்க் கடிகாரம். அது தெரியும் வரை கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். “என்னம்மா, மேலுக்குச் சரியில்லையா?” என்று சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

பயம் போகவில்லை. வேலை நடக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் ஆபிதா போன் செய்து, “கேமராவ எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க, பெரியம்மா கூப்பிடுது” என்றாள். எதற்கு என்று கேட்டால் வாங்களேன் என்கிறாள். ஏதாவது வெளியே வந்துவிட்டதா? யார் போனில் வந்தது? இசக்கித்துரையைக் கூப்பிடலாமா என்றுகூட வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கூப்பிடவில்லை.

மாடி அறை. மைமூனம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், புதுச் சேலை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். தங்கச்சி படத்தை ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தாராம், ஆபிதா பிறகு படியில் இறங்கும்போது சொன்னாள். மறுநாளிலிருந்து தட்டை இவள் கையில் கொடுக்க ஆரம்பித்தாராம்.

“எங்கிட்ட இருக்கது ஆதார் படம் ஒண்ணு. அதுல நான் களவாணி மாதிரி இருக்கேன்” என்றார். “கதவத் தாப்பாப் போடு.”

போட்டேன். அவராகவே தலைத்துணியை எடுத்து மடித்துத் தலையணை மேல் வைத்தார். முழு நரை, இறுக்கிப் பின்னியிருந்தது. “எத்தன இடத்துல வப்ப?” என்று கேட்டார். இரண்டு டிஸ்க், இரண்டும் இந்த வீட்டிலேயே இருக்கும், என்னிடம் ஒன்றும் இருக்காது என்றேன். “சரி, எடு.”

சிரிக்கச் சொன்னால் முறைக்கிறார். முறைக்கிறதைப் பார்த்து ஆபிதா சிரிக்க, அவளைத் திட்டத் திரும்பினபோது இரண்டு படம் நன்றாக விழுந்தது. அடுத்ததில் கண்ணை மூடிவிட்டார். காட்டினேன். “இத அழிச்சிரட்டுமா பெரியம்மா?”

கேமராவை வாங்கி, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ஆபிதாவும் எட்டிப் பார்த்தாள்.

“அழிச்சிராத” என்றார். “அதுவும் கெடக்கட்டும்.”